கழுவுவதற்கு வேறு விலை

கோயம்புத்தூர்க் குடும்பம் பதினொரு நாள் இருந்துவிட்டு
உச்சிப்புளியில் ரயில் ஏறிப் போயாயிற்று.
அரியமான் சவுக்குத் தோப்பில்
கேரவனும் நானும்.

கைப்பிடியைச் சுற்றுகிறேன்.
வண்டியின் விலாவிலிருந்து
முனகிக்கொண்டே நீள்கிறது படுதா.
(கம்பெனியில் இதற்கு ஆனிங் என்று பெயர்.)
விரிய விரிய
பதினொரு நாளும் வெளியே வருகின்றன:
நண்டு வறுத்த புகை ஓரிடத்தில் மஞ்சளாய்,
மடிப்பில் ஊறிய சவுக்கு ஊசிகள்
சாயம் இறக்கிய கோடுகள்,
காக்கை எச்சம், அதற்குக் கணக்கில்லை.
நடுவில், கறுப்பாய்ப் புள்ளி புள்ளியாய்ப்
பூத்திருக்கிறது பூஞ்சை.
இரண்டு நாள் மழையில்
ஈரத்தோடு சுருட்டிவைத்தது நான்.
அதை மட்டும் கோயம்புத்தூர் தலையில் கட்ட முடியாது.

நாளைக்கு மதுரையில் வெள்ளையாய் வந்து நிற்கணும்,
இல்லையென்றால் சம்பளத்தில் ஆயிரத்து ஐந்நூறு,
என்றது போன்.

இருபது எட்டில் கடல்.
பெண்கடல் என்பார்கள் இந்தப் பக்கம்,
முழங்காலுக்கு மேல் கோபம் வராத கடல்.
என்ன பிரயோசனம்?
உப்புத் தண்ணீரில் கழுவிய துணி
காய்ந்தாலும் காயாது.
ராத்திரி ஈரத்தைக் கூப்பிட்டு வந்து
பக்கத்தில் படுக்கவைத்துக்கொள்ளும்.

தள்ளுவண்டியில் ஆறு குடத்தோடு வந்தாள் நம்புசெல்வி.
"உள்ள எந்த நடிகரு?"
யாருமில்லை, நான் டிரைவர், தண்ணீர் வேண்டும் என்றேன்.
"குடிக்கவா?"
"குடிக்கத்தான்."
ஒரு ஆள் ஆறு குடம் குடிப்பானா
என்று அவள் கேட்கவில்லை.
குடம் பத்து. அறுபது வாங்கி
முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

நாரும் பிரஷும் போட்டால் மேல்பூச்சு உரியும்.
என் பழைய பனியன்,
பாத்திரம் கழுவும் திரவம்,
இரண்டு கைப்பிடி பொறுமை.
புகை போயிற்று. காக்கை போயிற்று.
பூஞ்சை
நான் தேய்க்கத் தேய்க்க
வேறு யாரையோ தேய்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தது.

நுரை மணலில் இறங்கி ஓடுகிறது.
தலை நிமிர்ந்தால்
அடுத்த நடைக் குடங்களோடு அவள்.
எவ்வளவு நேரமாய் நிற்கிறாளோ.
ஊற்றில் அகப்பை அகப்பையாய் ஊறவிட்டு
மொண்டு வந்த தண்ணீர்
அவள் செருப்பைச் சுற்றிக்கொண்டு
கடலுக்குப் போகிறது.

திட்டுவாள் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"குடிக்கக் குடம் பத்து. கழுவ இருபது."
"முந்தி வாங்கினதுக்குமா?"
"முந்தி வாங்கினதுக்குந்தான்."

பழைய பாக்கி அறுபது,
அலச நாலு குடம், எண்பது.
நூற்று நாற்பது எண்ணிக் கொடுத்தேன்.
ஆயிரத்து ஐந்நூறில் கழித்துப் பார்த்தால்
இன்னும் நான்தான் லாபம்.

"அந்தக் காலைக் கொஞ்சம் இறக்கு" என்றாள்.
இறக்கினேன்.
படுதா ஒருபக்கம் சாய்ந்து
அலசிய தண்ணீர் ஒரு மூலைக்கு ஓடியது.
அங்கே அவளுடைய காலிக் குடம்
முன்பே உட்கார்ந்திருந்தது.
"கக்கூசுக்கு ஆகும்."
இருபது ரூபாய்க்கு விற்றதை
சும்மா திருப்பி வாங்கிக்கொள்கிறாள்.
பேரம் பேச வாய் வரவில்லை எனக்கு.

கச்சான் காற்றின் கடைசி வீச்சு.
காய வேண்டும், காயாமல் சுருட்டக் கூடாது,
பட்டாயிற்று ஒருமுறை.
சவுக்கு சலித்துக் கொடுக்கும் ஓட்டை நிழல் போதாமல்
படுதாவுக்குக் கீழே வந்து உட்கார்ந்தாள்,
நெற்றியைத் துடைத்தாள்.
"நெழலுக்கு எவ்வளவு?"
சிரிக்காமல்தான் கேட்டாள்.
நான் பனியனைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

நாலரைக்கு மறுபடி போன்.
கிளம்பியாயிற்று என்றேன். இன்றைக்கு இரண்டாவது பொய்.
வெள்ளை என்று சொல்ல முடியாது,
வெளுப்பு.
உற்றுப் பார்த்தால் பூஞ்சை இருந்த இடத்தில்
சாம்பல் நிறத்தில் அதன் நினைவு.
உற்றுப் பார்க்க மேனேஜருக்கு நேரமிருக்காது.

கீழோரத் தையலில் மட்டும் ஈரம் நிற்கிறது.
இரண்டு விரலால் நெருக்கினால்
ஒரு சொட்டு.
நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
சோப்பு. கொஞ்சம் காக்கை.
உப்பில்லை.